கஞ்சி ஆறாத குடிசை

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் அன்னம்மாள் தினமும் ஒரு காரியம் செய்வாள். காலையில் காய்ச்சிய கஞ்சியைச் சட்டியோடு துணியில் கட்டி, முற்றத்தில் காய்ந்து கிடக்கும் ஆட்டு மயிர்க் குவியலுக்குள் புதைத்துவிட்டு வேலைக்குப் போவாள். மத்தியானம் தோண்டி எடுத்தால் கஞ்சி நாக்கைச் சுடும். ஆம்பூர் வெயிலில் சூட்டுக்கு என்ன பஞ்சம் என்று கேட்பீர்கள். ஆறின கஞ்சி அவளுக்குத் தொண்டையில் இறங்காது, அவ்வளவுதான். ரோமம் என்று எழுதினால் நாகரிகமாக இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலைக் கட்டையில் போட்டுச் சுரண்டும்போது வழிந்து விழுவதற்கு அங்கே மயிர் என்றுதான் பெயர். அதை அலசிக் காயப்போடுவதுதான் அன்னம்மாளின் பிழைப்பு.

1909 சித்திரையில் ஒரு மத்தியானம் அவள் சட்டியைத் தோண்டி எடுத்தபோது, எதிரே கடுக்காய் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு மலைக்காரப் பெண் எழுந்து வந்தாள். பெயர் ரங்கம்மாள். ஏலகிரி மலைமேல் சடையனூர் என்கிற சின்ன ஊர். தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும், கடுக்காய் மலையில் காய்க்கும். அதனால் வருஷத்துக்கு ஒரு தரம் அவளும் புருஷன் சென்றாயனும் மூட்டைகளை அடிவாரம் வரை சுமந்து, அங்கிருந்து வண்டியில் ஏற்றி ஆம்பூருக்குக் கொண்டுவருவார்கள்.

“அக்கா, அடுப்பு எங்க வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாள் ரங்கம்மாள். கஞ்சியிலிருந்து கிளம்பிய ஆவியை அவள் பார்த்துவிட்டாள்.

“அடுப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலையில காச்சினதுதான்.”

ரங்கம்மாள் நம்பவில்லை. சட்டியின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு குவியலுக்குள் முழங்கை வரை கையை நுழைத்துத் துழாவினாள்.

“இன்னாம்மா தேடற, புதையலா?” என்று அன்னம்மாள் சிரித்தாள்.

ரங்கம்மாள் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போதுதான் மாதம் தள்ளிப் போயிருந்தது. கணக்குப் போட்டால் மார்கழியில் பிறக்கும். அவளுடைய முதல் குழந்தை மார்கழியில் பிறந்து மறுநாளே விறைத்துப் போனது. இரண்டாவது தை மாதத்தில். அது இன்னும் கொஞ்சம் நாள் தாக்குப்பிடித்தது. மூன்றாவதையும் பறிகொடுக்க அவள் தயாராக இல்லை. ‘கஞ்சியை ஆறவிடாத பொருள் குழந்தையை மட்டும் ஆறவிட்டுவிடுமா’ என்று அங்கேயே, மயிர்க் குவியலுக்குள் கையை வைத்துக்கொண்டே, அவள் முடிவு செய்துவிட்டாள்.

சடையனூரில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு விலக்கான பெண்களும் பிள்ளை பெறும் பெண்களும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. ஊருக்கு வெளியே, பாறைச் சரிவின் விளிம்பில், அவர்களுக்கென்று ஒரு தீட்டுக் குடிசை. சுற்றிலும் மூங்கில் தட்டி, மேலே மலைப்புல். விலக்கானவள் மூன்று நாளில் தலை முழுகிவிட்டு வீடு திரும்புவாள். பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழியும்வரை அங்கேதான் கிடக்க வேண்டும். தட்டியின் இடுக்கு வழியாகப் பனி உள்ளே வந்து தாயோடும் பிள்ளையோடும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். பெரிதாக நெருப்பு மூட்டவும் வழியில்லை. கூரை கைக்கெட்டும் உயரம்தான், ஒரு தரம் குடிசையே எரிந்து போயிருக்கிறது. பங்குனியில் பிறந்த பிள்ளைகள் ஊரில் ஓடி விளையாடின. மார்கழியில் பிறந்து விளையாடியவை மிகவும் கம்மி.

அப்படி இறந்த குழந்தையைப் பெற்றவன் தூக்கக் கூடாது என்பதும் வழக்கம். ஊர்க் கவுண்டர்தான் தன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய்ப் பாறைக்குக் கீழே புதைக்க வேண்டும். ஆதிகேசவக் கவுண்டர் ரங்கம்மாளின் இரண்டு குழந்தைகளையும் அப்படித்தான் கொண்டுபோனார். இரண்டு தரமும் வந்து குளித்துவிட்டு அன்று முழுக்கப் பட்டினி கிடந்தார். அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். வழக்கம் என்று வந்துவிட்டால் மட்டும் மனிதர் முரடு.

“அக்கா, இந்த மயிரு எனக்கு வேணும்” என்றாள் ரங்கம்மாள். “ஒரு குடிசைக்குச் சுத்திலும் ரெண்டு தட்டி கட்டி, நடுவுல போட்டு அடைக்கிற அளவுக்கு வேணும்.”

அன்னம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். காரணத்தைக் கேட்டதும் அவள் கேலியெல்லாம் நின்றது. அவளும் பெற்றவள்தான். “நீளமா இருக்கறத கம்பளிக்காரன் எடுத்துக்குவான். குட்டை மயிரு சும்மாதான் கெடக்குது, மேஸ்திரிகிட்ட நான் சொல்றேன். ஆனா நல்லா அலசணும். சுண்ணாம்பு கொஞ்சம் நின்னாலும் ஈரத்த இழுத்துக்கும், நாத்தம் புடுங்கும், அப்புறம் பேஜாராய்டும்” என்றாள்.

கடுக்காயை இறக்கிவிட்டு அன்றே திரும்ப வேண்டியவள், அன்னம்மாளோடு கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். அலசினாள், பிழிந்தாள், வெயிலில் உதறினாள், மறுபடி அலசினாள். சுண்ணாம்பு பட்டுக் கையெல்லாம் தோலுரிந்தது. சென்றாயன் வண்டிக்கும் கிணற்றுக்குமாக அலைந்துகொண்டிருந்தான். நல்லவன், பயந்தவன்.

“இத ஊருக்குள்ள கொண்டுபோனா கவுண்டரு நம்ம தோல உரிச்சிடுவாருடி.”

“உரிச்சா இங்க கொண்டாங்க, நாங்க பதம் போட்டுக் குடுக்கறோம்” என்றாள் அன்னம்மாள்.

காலி வண்டியாகத் திரும்ப வேண்டியது மயிர் மூட்டைகளோடு திரும்பியது. அடிவாரத்தில் ஒரு பாறைக் குடைவில் மூட்டைகளை அடுக்கிவிட்டு, இரண்டு பேரும் ஓடையில் தலை முழுகி, வெறுங்கையோடு மலையேறினார்கள். நேரே கவுண்டர் வீட்டு வாசலுக்குத்தான் போனாள் ரங்கம்மாள். திருட்டுத்தனமாகச் செய்யலாம் என்று சென்றாயன் சொல்லிப் பார்த்தான். சுவரைத் திருட்டுத்தனமாக எப்படிக் கட்டுவது என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிட்டாள்.

சடையனூர் எல்லையில் ஒரு கல் நட்டிருந்தார்கள். அதைத் தாண்டித் தோல் வரக் கூடாது. கீழேயிருந்து வருகிறவன் எவ்வளவு பெரிய ஆளானாலும் செருப்பை அந்தக் கல்லுக்கு வெளியே கழற்றிவிட்டு வர வேண்டும். அந்த ஊரில் போய், தோல் ஷாப்பிலிருந்து மயிர் கொண்டுவந்து சுவருக்குள் வைக்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் என்ன ஆகும்? கவுண்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

“செத்த ஆட்டுத் தோல்ல சுரண்டினத எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் கொண்டாருவியா? ஊருக்கே தீட்டு!”

“எங்க வீட்டுக்குக் கேக்கலீங்க, கவுண்டரே. அந்தக் குடிசைக்குக் கேக்கறேன். அதுவே தீட்டுக் குடிசதானே? ஏற்கெனவே தீட்டா இருக்கறதுமேல இன்னும் இன்னா தீட்டு வந்து ஒட்டிக்கப் போவுது?”

கூடியிருந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவருடைய பாட்டன் பூட்டன் காலத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. முரடர்தான், ஆனால் நியாயம் தெரிந்த முரடர். தன் வழக்கத்தையே எடுத்துத் தன்முன் நீட்டினால் அதைத் தட்டிவிட அவருக்கு வழியில்லை. தாடியைத் தடவிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“சரி. குடிசைக்கு மட்டும். ஊரு வழியா வரக் கூடாது, சரிவுப் பக்கமா வரட்டும். சுத்தமா இருக்கறவங்க யாரும் அதத் தொடக் கூடாது. விலக்கா இருக்கறவ மட்டும்தான் தொடணும்.”

வாசலைத் திறந்த மாதிரியும் ஆயிற்று, சாத்தின மாதிரியும் ஆயிற்று என்று அவர் நினைத்திருப்பார். சரிவுப் பாதை ஆடுகூடத் தயங்கும் பாதை. அதில் யார் சுமப்பார்கள்? ரங்கம்மாள் கர்ப்பிணி. பிரசவ வலி வரும்வரை அவள் சுத்தம். அவள் கைபடக் கூடாது.

விலக்கான பெண்கள் அந்த மூன்று நாளும் குடிசை வாசலில் பேன் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவர்கள். வயல் வேலை இல்லை, அடுப்பு வேலை இல்லை, தண்ணீர்க் குடம் இல்லை. மறுநாளே ரங்கம்மாள் குடிசைக்கு எதிரே இருந்த பாறைமேல் ஏறி நின்று, உள்ளே இருந்த இரண்டு பேரிடம் விஷயத்தைச் சொன்னாள். அதில் ஒருத்தி மார்கழிப் பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து அது முறையாகிப் போனது. யார் விலக்கானாலும் சரிவில் இறங்கி மூட்டை கொண்டுவருவாள், அல்லது மூங்கில் பிளந்து உள்தட்டி கட்டுவாள். மூன்றாம் நாள் முழுகிவிட்டுப் போகும்போது அடுத்து வருகிறவளிடம் எதுவரை முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போவாள். ரங்கம்மாள் பாறைமேல் நின்றபடி, கை நீட்டி நீட்டி வேலை வாங்கினாள். வயிறு வளர வளரக் குரலும் வளர்ந்தது என்று பின்னாளில் அவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆனி முடிவதற்குள் ஒரு தப்பு நடந்துவிட்டது. கடுக்காய்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மூட்டை என்றால் அவர்களுக்கு ஒரே பாடம்தான்: காலால் மிதித்து மிதித்து அமுக்கி, கல் மாதிரி கட்ட வேண்டும். தொளதொளவென்று இருந்தால் இறக்கத்தில் தலையிலிருந்து சரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் மயிரையும் இரண்டு தட்டிக்கு நடுவே போட்டு உலக்கையால் இடித்து இறுக்கிவிட்டார்கள். கொண்டுவந்த மூட்டையில் பெரும்பங்கு தீர்ந்துவிட்டது. சுவர் இடுப்பு உயரம்கூட நிரம்பவில்லை. போதாக்குறைக்கு ஆடி மாதத்து மூடுபனி வெளித்தட்டி வழியாக நுழைந்து, இறுக்கின மயிரெல்லாம் ஈரத்துணி மாதிரி சில்லிட்டுப் போனது.

ரங்கம்மாள் ஒரு சோதனை வைத்திருந்தாள். சாயங்காலம் ஒரு சட்டிச் சுடுகஞ்சியைப் பாறைமேல் வைப்பாள். உள்ளே இருப்பவள் எடுத்துப்போய்ச் சுவரோரம் வைத்து, விடிந்ததும் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். அன்று உள்ளே இருந்தவள் கவுண்டரின் மருமகள் செண்பகம்.

“இன்னாடி ஆச்சு?”

“ஆறிப்போச்சுக்கா. கெணத்துத் தண்ணி மாதிரி இருக்குது.”

ரங்கம்மாள் பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள் என்றுதான் செண்பகம் சொன்னாள். ரங்கம்மாள் கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அங்கேயே உட்கார்ந்து அன்னம்மாளின் குவியலை மறுபடி மறுபடி மனசுக்குள் தோண்டிப் பார்த்தாள். கையை நுழைத்தபோது எப்படிப் போயிற்று? முழங்கை வரை தடையில்லாமல் போயிற்று. அன்னம்மாள் மயிரைக் கோலால் அடித்து உதறிப் போட்டிருந்தாள். அது உப்பிக் கிடந்தது.

“செண்பகம்! எல்லாத்தையும் வெளிய எடு!”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான். காயவெச்சு, கோலால அடிச்சு, பிரிச்சு உதறிப் போடணும். இடிக்கக் கூடாது, அமுக்கக் கூடாது. வெளித்தட்டிக்கு மண்ணும் சாணியும் பூசிட்டா பனி உள்ள வராது. கூரை விளிம்பையும் இன்னும் கீழ இறக்கணும், இல்லன்னா மழையில பூச்சு கரைஞ்சிடும்.”

அடித்து உதறியதும் இடுப்பளவு மயிர் கூரை வரை வந்தது. கண்ணெதிரே அது பெருகுவதைப் பார்த்து அந்தப் பெண்கள் இன்னும் வேகமாகக் கோலை வீசினார்கள். பின்னாளில் ரங்கம்மாள் வயசான காலத்திலும், 1935-இல் சாகிறவரைக்கும், யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பாள். ‘கெட்டியா இருக்குது’ என்று வீட்டுக்காரன் பெருமைப்பட்டால், ‘அதான் குளுருது’ என்பாள்.

ஆனால் ஐப்பசி மழைக்குள் வெளிப்பூச்சு காய வேண்டும். புரட்டாசி வந்துவிட்டது. பாதிக் குடிசை அவிழ்ந்து கிடக்கிறது. ஒரு நேரத்தில் இரண்டு பேர், மூன்று பேர் விலக்கானால்தான் உண்டு, அதை வைத்துக்கொண்டு வேலை முடியாது. அப்போது சடையனூரில் ஓர் அதிசயம் நடந்தது. முதலில் செண்பகம், முழுகிவிட்டு வந்த ஈரம் காயுமுன் மறுபடி விலக்கானாள். அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரி. அதற்கடுத்து அவள் நாத்தனார். ஒரு வாரத்துக்குள் ஊரில் பாதிப் பெண்கள் வீட்டுக்கு விலக்கு! மாதவிலக்கு எப்போதோ நின்றுபோன ஒருத்திகூட முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குடிசைப் பக்கம் நடந்தாள்.

ஆண்கள் திணறிப் போனார்கள். களி கிண்டத் தெரியாமல் அடிப்பிடித்தது, கட்டி தட்டியது. கவுண்டரே தன் வீட்டு அடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சந்தேகம் வராமலா இருக்கும்? சரிவுப் பக்கத்திலிருந்து மண் குழைக்கிற சத்தமும் சிரிப்பும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அந்த ஊரில் ஓர் ஆண்பிள்ளை எந்தப் பெண்ணிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. விலக்கானதையும் கழிந்ததையும் அவளே சொல்ல வேண்டும். அவள் சொன்னதுதான் கடைசி வார்த்தை. அதுவும் வழக்கம். கவுண்டர் கருகின களியைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்தார்.

முதல் மழைக்கு முன் சுவர் காய்ந்துவிட்டது. கார்த்திகையில் ஒரு சாயங்காலம் வைத்த கஞ்சிச் சட்டியை விடிந்ததும் செண்பகம் தொட்டுப் பார்த்தாள். பார்த்தவள் குடிசைக்கு வெளியே ஓடி வந்து, பாறையைப் பார்த்துக் கத்தினாள்.

“அக்கா! வெதுவெதுன்னு இருக்குதுக்கா!”

மார்கழியில் ரங்கம்மாளுக்கு வலி கண்டது. அன்றைக்குப் புல்லின்மேல் பனி உப்பு மாதிரி படிந்து கிடந்தது. தான் கட்டச் சொன்ன சுவரை அவள் கையால் தொட்டது அன்றுதான். பெண் குழந்தை. பிறந்ததும் வீறிட்டு அழுதது. ரங்கம்மாள் அதை மார்போடு சேர்த்துச் சுவரோரம் படுத்தாள். இரண்டு வருஷமாக அவள் கேட்டுப் பழகியது அழுகை மெல்ல மெல்ல இறங்கி, முனகலாகி, நின்றுபோவதைத்தான். இந்த அழுகை இறங்கவில்லை. விடியவிடியப் பிள்ளை பாலுக்குக் கத்தியது. அவளுக்கு அதைவிட இனிப்பான சத்தம் உலகத்தில் இல்லை.

தீட்டுக் கழிகிற நாள் வந்தது. அவளே ‘கழிஞ்சுது’ என்று வாயால் சொல்ல வேண்டும். பிறகுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றி வீட்டுக்கு அழைப்பார்கள். ரங்கம்மாள் சொல்லவில்லை. வெளியே தை மாதத்துப் பனி. வீட்டுச் சுவரில் ஒற்றைத் தட்டிதான், காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும். சுத்தமான வீட்டுக்குப் போய்க் குழந்தையைச் சாகக் கொடுப்பதைவிடத் தீட்டோடு இங்கேயே இருக்கலாம் என்று உட்கார்ந்துவிட்டாள். கவுண்டர் மருமகள் மூலம் நாசூக்காக விசாரித்துப் பார்த்தார்.

“இன்னும் கழியலையாம், மாமா” என்றாள் செண்பகம், தலையைக் குனிந்துகொண்டு.

சென்றாயன் ஒரு நாள் பாறைமேல் வந்து நின்றான். அவன் இன்னும் பிள்ளையைக் கையில் வாங்கியதில்லை.

“இன்னும் எவ்ளோ நாளுடி?”

“பனி இருக்கற வரைக்கும். நீ வீட்டுக்குள்ள இன்னொரு தட்டி கட்டு. மயிரு வேணாம். சாமை அறுத்த தாளக் காயவெச்சு, அடிச்சு, தளர்த்தியா போட்டு அடை. மண்ணு பூசு. சட்டி வெச்சுப் பாரு. ஆறலன்னா வந்து சொல்லு.”

அவன் போய்க் கட்டினான். முதல் தரம் அவனும் இடித்து இறுக்கினான், இரண்டாம் தரம் உதறிப் போட்டான். அவன் வீட்டுக்குள் சாயங்காலம் சட்டி வைத்துவிட்டு விடிந்ததும் தொட்டுப் பார்ப்பதை ஊரே வேடிக்கை பார்த்தது. பார்த்தவர்களில் சிலர் மறுநாள் சாமைத் தாள் சேர்க்கத் தொடங்கினார்கள். மாசியில் ஒரு காலை அவன் பாறைக்கு ஓடி வந்தான். மூச்சு வாங்க நின்று, “ஆறலடி” என்றான்.

அன்று மத்தியானம் ரங்கம்மாள் ‘கழிஞ்சுது’ என்றாள்.

தலை முழுகி, பிள்ளையை எடுத்துக்கொண்டு, எல்லைக் கல்லைத் தாண்டி அவள் நடந்து வந்தாள். ஊர் முழுக்கக் கூடியிருந்தது. பெயர் வைக்குமுன் ஊர்க் கவுண்டர் குழந்தையின் தலையில் கை வைக்க வேண்டும். ஆதிகேசவக் கவுண்டர் கிட்டே வந்து குனிந்தார். குழந்தையின் காதோரம் ஓர் ஆட்டு மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை முழுக்காட்டியும் போகாத ஒற்றை மயிர். எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்கள். கவுண்டரும் பார்த்தார்.

அவர் இரண்டு விரலால் அதை எடுத்து வேட்டியில் துடைத்துவிட்டு, உள்ளங்கையை முழுசாகக் குழந்தையின் தலையில் வைத்தார். வைத்ததும் அவர் முகம் மாறியது. கையை எடுத்தார், மறுபடி வைத்தார்.

“இன்னாம்மா இது, இவ்ளோ சூடா இருக்குதே? காய்ச்சலா?”

அவர் கைக்கு இதுவரை மார்கழிப் பிள்ளைகள் எல்லாம் சில்லிட்டுத்தான் வந்திருந்தன. ரங்கம்மாளுக்கு அது சட்டென்று புரிந்தது. அத்தனை மாதமாக அவர்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் கரைந்து போனது.

“காய்ச்சல் இல்லீங்க, கவுண்டரே” என்றாள். “உசுரோட இருக்கற புள்ள இப்படித்தான் இருக்கும்.”

கவுண்டர் தலையாட்டினார். பெயர் வைக்கச் சென்றாயன் காத்துக்கொண்டிருந்தான். அவர் கையை எடுக்கவில்லை.